தேக்குப் பலகை குழிஞ்சிட்டு, கிட்டார் செய்ய இனி ஆகுமா?

கல்லாறு_தம்பி · ஜூன் 8

வணக்கம். முதல் தடவையா எலக்ட்ரிக் கிட்டார் ஒண்டு நானே செய்யிறன். பிக்கப், பிரிட்ஜ், கீ எல்லாம் காசு சேர்த்துக் கொழும்பில இருந்து எடுப்பிச்சிட்டன். மரத்தில வந்துதான் மாட்டி நிக்கிறன்.

ஏப்ரலில ஒரு மரக்காலையில தேக்குப் பலகை வாங்கினன். நீளம் 20 அங்குலம், அகலம் 14, தடிப்பு 2. நல்லாக் காய்ஞ்சது எண்டுதான் சொல்லித் தந்தவங்க. மெஷின் சீவுளியால மேல்பக்கத்த மட்டும் 1¾ அங்குலத்துக்கு இறக்கினன். மறுகா சோதினை வந்திட்டு, மூண்டு கிழமை தொடயில்ல. இப்ப இரும்பு அடிமட்டத்தக் குறுக்கால வச்சுப் பாத்தா நடுவில 5 மில்லிமீற்றர் வெளிச்சம் தெரியுது. பலகையிட ஒரு தலைப்பில (முனையில) விரல் நீளத்துக்கு வெடிப்பும் இருக்கு.

திரும்பச் சீவி மட்டமாக்கலாமா? தண்ணி தெளிச்சு, மேல கல்லு ஏத்தி அமத்தலாமா? மற்றது, கழுத்துக்கு என்ன மரம்? வீடியோவில எல்லாரும் ஆல்டர், ஆஷ், மேப்பிள் எண்டுதான் சொல்றாங்க. கல்முனையில போய் ஆரிட்ட ஆல்டர் கேக்கிறது?

ஓடாவி_மகன் · ஜூன் 8

தம்பி, சீவுளிய எடுக்காதீங்க. கல்லும் ஏத்தாதீங்க. முதல்ல நாலு விசயம் சொல்லுங்க. பலகைய எங்க, எப்பிடி வச்சிருந்தீங்க? குழிஞ்சது சீவின பக்கமா, மற்றப் பக்கமா? தலைப்பில வளையக் கோடு எப்பிடிப் போகுது? நிறுத்துப் பாத்தீங்களா?

கல்லாறு_தம்பி · ஜூன் 9

ஹோலில சீமெந்துத் தரையில படுக்க வச்சிருந்தன் காக்கா, சீவின பக்கம் மேல. குழிஞ்சதும் அந்தப் பக்கம்தான். தலைப்பில பாத்தா வளையம் கிண்ணத்தக் கவிழ்த்து வச்ச மாதிரி, வளைவு மேல பாத்து நிக்குது. பக்கத்துக் கடைத் தராசில நிறுத்தன், 6 கிலோ 310 கிராம்.

வாவிக்கரை · ஜூன் 9

அத எறிஞ்சிட்டு முதிரை வாங்குங்க ப்ரோ. பாரமான மரத்திலதான் சத்தம் நிண்டு கேக்கும்.

ஓடாவி_மகன் · ஜூன் 9

வாவிக்கரைக்குப் பிறகு வாறன். தம்பி, உங்கட பலகை வெளியில காய்ஞ்சு, உள்ளுக்குப் பச்சையா இருந்திருக்கு. ஒரு பக்கத்த மட்டும் கால் அங்குலம் சீவினதில உள் ஈரம் வெளிய வந்திட்டு. இப்ப கச்சான் வேற அடிக்குது (கடலை இல்ல, காத்து). மேல்பக்கம் கடகடவெண்டு காய்ஞ்சு சுருங்க, தரையில ஒட்டிக் கிடந்த பக்கத்துக்குக் காத்தே படயில்ல. காய்ஞ்ச பக்கம் சுருங்கினா அந்தப் பக்கம் குழியும்.

அதோட, நீங்க சொல்ற வளையத்தப் பாத்தா மேல்பக்கம்தான் பட்டைப் பக்கம். வளையத்துக்குக் குறுக்கால சுருங்கிறதப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு மரம் வளையத்தோட ஒட்டிச் சுருங்கும். அதால காயக் காய வளையம் நிமிரப் பாக்கும், பட்டைப் பக்கம் குழியும். ரெண்டு காரணமும் ஒரே பக்கத்தில சேந்திட்டு. உண்மையில தேக்கு குறைவாச் சுருங்கிற சாதி. வேற மரமெண்டா இன்னும் மோசமா இருந்திருக்கும்.

இப்ப சீவி மட்டமாக்கினா மேல 5, கீழ 5 எண்டு 10 மில்லிமீற்றர் போகும். 44இல 34தான் மிச்சம். அதுவும் ஈரம் மிச்சமிருக்கிற பலகை அடுத்த மாசம் திரும்பவும் வளையும். தண்ணி தெளிச்சு அமத்தினா கல்ல எடுக்கிற வரைக்கும் நேரா நிக்கும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இதுதான். வெடிச்ச தலைப்பில மூண்டு அங்குலத்த அறுத்து எறியுங்க. 17 அங்குலம் மிஞ்சும், ஸ்ட்ராட் (ஃபெண்டர் கொம்பனியிட பேர்போன கிட்டார்) வடிவத்துக்கு 16 போதும். ரெண்டு தலைப்புக்கும் மிச்சம் மீதிப் பெயின்ற் தடிப்பா அடிங்க. தலைப்பாலதான் ஈரம் கெதியா ஓடும், வெடிப்பும் அங்கதான் தொடங்கும். மறுகா நிழலில, ரெண்டு ரீப்பைத் துண்டில, ரெண்டு முகத்துக்கும் காத்துப் படுற மாதிரி நெட்டுக்க நிறுத்துங்க. வெயிலில வச்சிராதீங்க. கிழமைக்கு ஒருக்கா நிறுத்து எழுதுங்க. மூண்டு கிழமை ஒரே நிறை காட்டினா, எங்கட ஊர்க் காத்துக்கு அது காய்ஞ்சிட்டு.

நிறை நிண்ட பிறகு நீளப்பாட்டில மூண்டாக் கிழியுங்க. இதுதான் முக்கியம். அகலம் மூண்டில ஒண்டாக் குறைஞ்சா குழிவு ஒன்பதில ஒண்டாக் குறையும். 5 மில்லிமீற்றர் அரை மில்லிமீற்றரளவுக்கு வந்திடும், ஒரு கை சீவினாப் போதும். நடுத்துண்டக் கவிழ்த்துப் போட்டு ஒட்டுங்க, வளையம் மாறி மாறி நிக்கும். வாள்வாயும் சீவலும் போனாலும் 13 அங்குலத்துக்கு மேல அகலம் மிஞ்சும், உங்களுக்கு 12¾தான் வேணும்.

தேக்கில எண்ணெய் இருக்கு. ஒட்டுற முகத்தச் சீவின கையோட தின்னரால துடைச்சு, காய்ஞ்சதும் உடன பசை பூசி இறுக்குங்க. நேத்துச் சீவினத இண்டைக்கு ஒட்டினா பிடிக்காது.

ஆரையம்பதி_அக்கா · ஜூன் 10

எனக்குக் கிட்டார் தெரியாது, வீணைதான். தஞ்சாவூர் வீணை செய்யிறது பலா மரத்தில. மிருதங்கக் கட்டையும் பலாதான். தம்பி ஏன் பலாவப் பாக்கயில்ல?

ஓடாவி_மகன் · ஜூன் 10

பலா நல்ல மரம் அக்கா, பாரமும் கிட்டத்தட்டத் தேக்களவுதான். கனகாலம் ஆரிட்டயாவது கிடந்து காய்ஞ்ச பலகை கிடைச்சாத் தாராளமா எடுக்கலாம். பச்சையாத் தறிக்கிறதெண்டா பிரதேச செயலகத்தில அனுமதி வேணும். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில இருந்தே பலா, ஈரப்பலா, பெண் பனைக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கு.

வாவிக்கரை, இப்ப உங்கட முதிரை. ஸ்ட்ராட் உடம்பு ஏறக்குறைய 4 லீற்றர் மரம். தேக்கெண்டா 2.6 கிலோ. முதிரை தண்ணியோட நிக்கிற பாரம், 3.8 கிலோ வரும். கழுத்தும் இரும்புச் சாமானும் சேத்தா அஞ்சு கிலோவத் தாண்டும். திருவிழா மேடையில மூண்டு மணித்தியாலம் தோளில போட்டுப் பாருங்க. எலக்ட்ரிக் கிட்டாரில பிக்கப் பிடிக்கிறது கம்பியிட அசைவத்தான். மரம் துளி மாத்தும் எண்டு சண்டை பிடிக்கிறவங்க இருக்காங்க, எனக்கு அதில நம்பிக்கை குறைவு. லியோ ஃபெண்டர் 1950இல ஆஷ் மரத்தில தொடங்கி, 1956இல பெரும்பாலும் ஆல்டருக்கு மாறினார். அங்க லேசாக் கிடைச்சது அது. நமக்குக் கிடைக்கிறது தேக்கு.

வாவிக்கரை · ஜூன் 10

சரி சரி, தூக்கப்போற தோள் என்ட தோளில்ல. ஆனா கழுத்துக்குத் தேக்குச் சரிவராது எண்டுதான் நினைக்கிறன்.

ஓடாவி_மகன் · ஜூன் 11

கழுத்தில கவனம் வேணும், அது உண்மை. 10–46 கம்பிக் கட்டு (தடிப்பு அங்குலத்தில ஆயிரத்தில 10 தொடங்கி 46 வரை) ஆறும் சேந்து 47 கிலோ அளவுக்கு இழுக்கும். ஒரு சீமெந்துப் பை கழுத்தில தொங்குது எண்டு நினைச்சுக்கொள்ளுங்க. நெடுக்க கோடு நேரா ஓடுற, தலைப்பில வளையம் நட்டுக்க நிக்கிற துண்டெண்டாத் தேக்கே தாங்கும், உள்ளுக்கு ட்ரஸ் ராட் (கழுத்து வளையாமத் தாங்கிற இரும்புக் கம்பி) போட்டால். முடிச்சு இருக்கக்கூடாது. வெள்ளை (பட்டையோட ஒட்டின வெளிமரம்) இருக்கக்கூடாது, வைரம் (உள்மரம்) மட்டும்.

தம்பி, வீட்டில பழைய கட்டில், கதவுநிலை ஏதும் உடைஞ்சு கிடக்கா? குயீன் குழுவின் பிரையன் மே 1963இல தகப்பனோட சேந்து கிட்டார் செய்யத் தொடங்கினப்போ, கழுத்த ஒரு பழைய கணப்படுப்புச் சட்டத்தில இருந்துதான் செதுக்கினவர். மகோகனி. புழு அரிச்ச ஓட்டையத் தீக்குச்சியால அடைச்சாராம். அந்த மரத்துக்கு இனி வளையிறதுக்கு ஒண்டும் மிச்சமில்ல.

கல்லாறு_தம்பி · ஜூன் 11

அம்மம்மாட கட்டில் கோடிக்குள்ள கிடக்கு காக்கா! சட்டம் ரெண்டும் முதிரை. அம்மாட்டக் கேட்டன், ஒண்ட மட்டும் எடு எண்டா.

ஓடாவி_மகன் · ஜூன் 11

அப்ப பிங்கர்போர்ட் (கழுத்துக்கு மேல விரல் அமத்துற பலகை) கிடைச்சிட்டு. அங்கதான் முதிரைக்கு வேலை, 6 மில்லிமீற்றர் தடிப்புப் போதும், பாரமும் தெரியாது. ஆணி முறிஞ்சு உள்ளுக்குக் கிடக்கும், காந்தத்தால தடவிப் பாத்திட்டு வாள் வையுங்க. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில கடிக்கும். மாஸ்க் போட்டு, முழுக்கைச் சேர்ட்டோட நில்லுங்க.

கல்லாறு_தம்பி · ஜூலை 13

தலைப்ப அறுத்து, பெயின்ற் அடிச்சு நிறுத்தினன். அறுத்த பிறகு முதல் நிறை 5.360. மறுகா கிழமைக்குக் கிழமை 5.220, 5.120, 5.055, 5.015. குழிவு 4 மில்லிமீற்றராக் குறைஞ்சிருக்கு. கிழிக்கலாமா?

ஓடாவி_மகன் · ஜூலை 13

கீழ்ப்பக்கமும் காயத் தொடங்கினதால கொஞ்சம் நிமிர்ந்திருக்கு. ஆனா இன்னும் கிழமைக்கு 40 கிராம் இறங்குது. பொறுங்க. செப்டம்பருக்குள்ள கிழிச்சு ஒட்டி, ஐப்பசி மழைக்கு முந்தி சீலர் (ஈரம் புகாமத் தடுக்கிற பூச்சு) பூசினாச் சரி. பிந்தினா திரும்ப ஈரத்த இழுக்கும்.

கல்லாறு_தம்பி · ஜூலை 13

சரி காக்கா. கடைக்காரர்தான் ஞாயிறு தவறாமக் கேக்கிறார், கிழமைக்குக் கிழமை நிறை குறையிற இந்தச் சாமான எப்ப விக்கப் போறாய் எண்டு.