பி.பி.சி. சிமென்ட்டில் மேலும் நிலக்கரிச் சாம்பல் கலக்கலாமா?

கேள்வி – கடலோரவாசி:
தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டி மாடி வீடு ஒன்று கட்டத் தொடங்கியிருக்கிறோம். செலவைக் குறைக்க, பி.பி.சி. (ஆலையிலேயே சாம்பல் கலந்து வரும் போர்ட்லண்ட் பொசொலானா) சிமென்ட்டில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, அனல் மின் நிலையச் சாம்பலை வேலை நடக்கும் இடத்திலேயே கலந்துகொள்ளலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகத் தாமிரக் கசடு (தாமிர உருக்காலைக் கழிவு) போடவும் சொல்கிறார். கழிவுப் பொருள்கள் இவ்வாறு பயன்படுவதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் உப்புக்காற்றில் கம்பி விரைவில் துருப்பிடிக்குமோ என்று அஞ்சுகிறேன்.

பதில் – கட்டமைப்புப் பொறியாளர்:
துருவைத் தடுப்பதில் சாம்பல் உங்களுக்குத் துணையே. சிமென்ட் நீருடன் வினைபுரியும்போது வெளிப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் சாம்பலில் உள்ள சிலிக்கா மெதுவாகச் சேர்ந்து மேலும் பிணைப்புப் பொருளை உண்டாக்கி நுண்துளைகளை அடைப்பதால், கடல் உப்பின் குளோரைடு கம்பியை எட்ட நெடுங்காலம் ஆகிறது. ஆனால் பி.பி.சி. மூட்டையிலேயே 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் இருக்க ஐ.எஸ். 1489 என்ற இந்தியத் தர விதி இடமளிக்கிறது, அதன்மேல் கணக்கில்லாமல் கொட்டினால், வினைபுரியப் போதிய சுண்ணாம்பு கிடைக்காமல் சாம்பல் வெறும் தூளாகவே தங்கிவிடும். கூடுதலாகச் சேர்க்க விரும்பினால் ஓ.பி.சி. (சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்) அடிப்படையில் கலவை வடிவமைப்பு (பொருள்களின் விகிதக் கணக்கு) செய்து, ஆலையில் கலந்த கான்கிரீட்டாகவே தருவிப்பதுதான் முறை.

எந்தச் சாம்பல் என்பதையும் கேளுங்கள். புகைபோக்கிக்கு முன்னால் நிலைமின் வடிப்பான்களில் பிடிபடும் உலர்ந்த நுண்சாம்பலே ஏற்றது. சாம்பல் குளத்திலிருந்து லாரியில் அள்ளி வருவதில் கொதிகலனின் அடியில் விழும் பருக்கைச் சாம்பலும் ஈரமும் கலந்திருக்கும். அதைச் சிமென்ட்டுக்கு மாற்றாக யார் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள்.

பதில் – கலவைக்கூடப் பணியாளர்:
கசடைப் பொறுத்தவரை, கம்பி கட்டிய கான்கிரீட்டில் நுண்சல்லியில் (மணல் போன்ற பொருளில்) 35 விழுக்காடு வரை தாமிரக் கசடை ஐ.எஸ். 383:2016 அனுமதிக்கிறது. அது மணலைவிட மிகக் கனமானது, கண்ணாடிபோல் வழவழப்பானது, நீரை உறிஞ்சாதது. ஆகவே சட்டிக் கணக்கில் அளந்தால் விகிதம் தவறிவிடும். எடை போட்டே சேர்க்க வேண்டும், நீரையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் மேலே கசிந்து, மேற்பரப்பு வலுவிழக்கும். திறந்தவெளியில் நெடுநாள் கிடந்த கசடாயின் மண்ணும் உப்பும் இருக்கின்றனவா என்று முதலில் சோதித்துவிடுங்கள்.

பதில் – தள மேற்பார்வையாளர்:
இருவரும் கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சாம்பல் கலந்த கான்கிரீட் தொடக்கத்தில் மெதுவாகவே வலுப்பெறும். ஐ.எஸ். 456 இத்தகைய கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாள் நீராற்றச் (ஈரமாக வைத்திருக்கச்) சொல்கிறது, 14 நாள் வரை நீட்டிக்கவும் பரிந்துரைக்கிறது. ஏழாம் நாளே தண்ணீரை நிறுத்திவிட்டால் கம்பியை மூடியிருக்கும் மேலடுக்கில் சாம்பலின் வினை பாதியிலேயே நின்று, உப்பைத் தடுக்க வேண்டிய பகுதியே துளைகளோடு இருந்துவிடும். முட்டுகளையும் வழக்கமான நாள் கணக்கில் பிரிக்க விடாதீர்கள். கனசதுரச் சோதனை (வார்த்த கட்டியை நசுக்கி வலிமை பார்ப்பது) முடிவைப் பார்த்த பிறகே பிரிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.