டவர் கிடைக்காத கடற்கரையில் போன்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ராமேஸ்வரம் வேன்காரர்:
தனுஷ்கோடிக்கு ஆட்களை ஏற்றிப் போவது என் தொழில். போன வாரம் காரைக்குடிப் பக்கத்து அய்யா ஒருத்தர், தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் இறங்கினதும் பதறிப்போய் போனை நீட்டினார். "தம்பி, இலங்கைக்கு வரவேற்கிறோம்னு மெசேஜ் வருதே, காசு போயிடுமா?"

சிங்கப்பூரில் மகனைப் பார்த்துவிட்டு வந்தவர், ரோமிங்கை, அதாவது வெளிநாட்டு நெட்வொர்க்கிலும் சிம் வேலை செய்யும் வசதியை, நிறுத்தவில்லை. அரிச்சல்முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் வெறும் கடல், மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் கரை சிக்னல் நம்முடையதைவிட வலுவாக எட்டினால் போன் அதைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் திறந்த சிம் என்றால் பேச்சுக்கும் நெட்டுக்கும் வெளிநாட்டுக் கட்டணம்.

செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் போய் டேட்டா ரோமிங்கை அணைத்தேன். நெட்வொர்க்கைத் தானாகத் தேர்வு செய்வதையும் நிறுத்தி, அவருடைய கம்பெனியை நாமே தேர்ந்தெடுத்தோம். ஊருக்குத் திரும்பினதும் அதை மறுபடி 'தானாக' என்று மாற்றிவிட வேண்டும், மறக்கவே கூடாது. படம் மட்டும் எடுத்தால் போதும் என்பவர்களுக்கு ஏரோபிளேன் மோடே போதும். சிக்னல் தேடித் தேடி பேட்டரி தீர்வதும் நிற்கும்.

தொண்டி நண்டு வலைக்காரர் மகள்:
அண்ணே, எங்க அத்தா வல்லம்ங்கிற சின்னப் படகில் நண்டு வலைக்குப் போறவங்க. சாயங்காலம் விட்ட வலையை விடியக்காலையில் தேடணும். டவர் இல்லாட்டி மேப் வேலை செய்யாதுன்னே நம்பியிருந்தாங்க. ஜிபிஎஸ்ஸுக்கு டவரும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். செயற்கைக்கோள் சிக்னலை போன் நேரா வாங்கிக்குது. நெட் உதவி இல்லாததால முதல் தடவை இடம் பிடிக்க சில நிமிஷம் ஆகும், திறந்த வானத்தின் கீழே பொறுமையா வச்சிருக்கணும்.

வீட்டிலேயே கூகுள் மேப்பில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரைக்கும் ஆஃப்லைன் மேப் இறக்கி வச்சேன். அது காலாவதி ஆகும், அப்பப்போ புதுப்பிக்கணும். வலை விடுற இடத்தில் திரையை அழுத்திப் பிடிச்சா 'பின்'ங்கிற குறி விழும், அட்சரேகை தீர்க்கரேகை எண்ணும் வரும். அந்த எண்ணை நோட்டிலும் எழுதிக்கச் சொன்னேன். வெட்டவெளியில் ஏறக்குறைய 5 மீட்டர் வித்தியாசத்துக்குள்ள காட்டுது, மிதவையைக் கண்ணால பார்க்க அது தாராளம். இப்ப அத்தாவே கூட்டாளிகளுக்குச் சொல்லித் தர்றாங்க. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

பாம்பன் நாட்டுப்படகுக்காரர்:
தங்கச்சி சொன்னது சரி. ஆனா ஒண்ணு, அந்த மேப்பில் கடல் வெறும் நீலம்தான். பாறையும் தெரியாது, ஆழமும் தெரியாது. இலங்கையோட உள்ள கடல் எல்லைக்கோட்டை அதை நம்பிக் கணக்குப் போடவே கூடாது, படகில் ஜிபிஎஸ் கருவியும் விஎச்எஃப் வயர்லெஸ் செட்டும் இருக்கணும்.

வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை 8 மணி நேரத்துக்கு வச்சு வீட்டுக்கு அனுப்பிட்டுப் போவேன். டவர் விட்டுப்போனா கடைசியா எட்டின இடத்திலேயே நிற்கும். இதை வீட்டுல முன்னாடியே சொல்லிடுங்க, இல்லேன்னா புள்ளி அசையலையேன்னு பயந்துடுவாங்க. கடலோரக் காவல்படையோட உதவி எண் 1554-ஐயும் அவங்க போனில் பதிஞ்சு கொடுத்திருக்கேன்.

தொண்டி நண்டு வலைக்காரர் மகள்:
1554 எங்க வீட்டுப் போனில் இல்லைண்ணே, இப்பவே பதியிறேன்.