ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்களில் உள்ளூர்க் கலைஞர்களின் பங்கு என்ன?

கேள்வி:
வணக்கம். கட்டடக்கலை மாணவியான நான், இலங்கையின் ஜெஃப்ரி பாவாவைப் (1919–2003) பற்றி ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்கிறேன். வழக்கறிஞராக இருந்தவர், 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கைத் தோட்டத்தை வாங்கிய பிறகு கட்டடக்கலையின் பக்கம் திரும்பி, 1957இல், 38ஆம் வயதில்தான் அதற்கான தகுதி பெற்றார் என்பதை அறிவேன். அவர் உள்ளூர்க் கலைஞர்களை ஆதரித்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். கட்டி முடித்த சுவரில் ஓவியம் மாட்டியதைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

மறுமொழி 1:
இல்லை, சகோதரி. 1960களின் இறுதியில் எழுந்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வரவேற்புக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், மேற்கூரையின் உட்புறம் முழுவதும் ஈனா டி சில்வாவின் பத்திக் துணிகள்தாம் (மெழுகு பூசிச் சாயமேற்றியவை). அவற்றைக் கழற்றிவிட்டால் கூடமே வேறாகிவிடும். தம் வீட்டைக் கட்டும் பணியைப் பாவாவிடம் தந்தவரும் ஈனாதான். நடுமுற்றத்தைச் சுற்றி அமைந்த அந்தக் கொழும்பு வீடு 1960களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த அந்தக் காலத்தில் உள்ளூர்ப் பொருளும் கைவினையும் ரசனையாக மட்டுமல்லாமல் தேவையாகவும் இருந்தன என்பதை ஆய்வேட்டில் விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி 2:
ஓவியரும் சிற்பியுமான லக்கி சேனாநாயக்கவுக்குத் தனி இயலே ஒதுக்கலாம். பாவாவின் அலுவலகத்தில் வரைவாளராகப் பணியாற்றிய அவர், வரைபடங்களில் மரங்களை இலை இலையாக வரைந்து, கட்டடத்துக்குக் கொடுத்த அதே கவனத்தை அவற்றுக்கும் கொடுத்தார். காலி நகரில் பாவா வடிவமைத்த கலங்கரை விளக்க விடுதியில், வளைந்தேறும் படிக்கட்டு நெடுகிலும் சிங்களரும் போர்த்துக்கேயரும் பொருதும் அவருடைய உலோக உருவங்கள் நிற்கின்றன. மாடிக்குச் செல்பவர் அந்தப் போருக்கு நடுவேதான் ஏறியாக வேண்டும். பாவா வடிவமைத்து 1982இல் கோட்டேயில் திறக்கப்பட்ட இலங்கை நாடாளுமன்றத்தின் அவைக்கூடத்தில் தொங்கும், வெள்ளிப் பனையோலைகள் போன்ற சரவிளக்கும் லக்கி வடிவமைத்ததே.

மறுமொழி 3:
தமிழில் எழுதுவதால் மேலும் இரண்டு செய்திகள். நீண்ட காலம் பாவாவின் தொழிற்பங்காளியாக இருந்த பொறியாளர் பூலோகசுந்தரத்தைப் பெரும்பாலான கட்டுரைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது நெடுநாள் வருத்தம். கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் பாவா வாழ்ந்த வீட்டில், பழைய செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள் நிற்கின்றன. உங்கள் ஆய்வேட்டில் சேர்க்கும் ஒவ்வொரு படத்தின் கீழும், கட்டடக் கலைஞரின் பெயரோடு அந்த வேலையைச் செய்தவரின் பெயரையும் எழுதுங்கள்.