வரலாற்று ஆய்வேட்டில் தரவு அறிவியல்: 39 ஷில்லிங்கில் நிற்கும் தூணை நீக்குவதா?

ஏடும் எண்ணும் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில், வேலை பார்த்த வீட்டிலேயே திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பணியாட்களை நீதிமன்றம் எவ்வாறு நடத்தியது என்பதே என் ஆய்வுப் பொருள். ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் விசாரணை அறிக்கைகள், 1674 முதல் 1913 வரை, ஏறத்தாழ 1,97,000 வழக்குகள், இணையத்தில் தேடத்தக்க எழுத்து வடிவில் கிடைப்பதால், எனக்கு வேண்டிய வழக்குகளைப் பைத்தான் நிரல் கொண்டு பிரித்தெடுத்து அட்டவணையாக்கினேன்.

எனக்கு நெறியாளர்கள் இருவர். வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவர், நாற்பது வழக்குகளை ஆழ்ந்து படித்தாலே போதும், எண்கள் பின்னிணைப்பில் இருக்கட்டும் என்கிறார். தரவு அறிவியல் துறையைச் சேர்ந்தவரோ தண்டனையை முன்கணிக்கும் மாதிரி ஒன்றை உருவாக்கச் சொல்கிறார். திருடுபோன பொருளின் மதிப்பை வரைபடமாக இட்டபோது 39 ஷில்லிங்கில் மட்டும் ஒரு தூண் எழுந்து நின்றது. அது பதிவுப் பிழையாக இருக்கலாம், நீக்கிவிடுங்கள் என்று அவர் சொன்னதிலிருந்து எனக்குக் குழப்பம். இரண்டு துறைகளுக்கும் பொருந்தும்படி ஒரே ஆய்வேட்டை எழுத முடியுமா? முடியுமென்றால் நான் முதலில் கற்க வேண்டியது எது?

பழைய தாள்

அந்தத் தூணை நீக்காதீர்கள். உங்கள் ஆய்வேடு அதற்குள்தான் இருக்கிறது. 1713ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியிருக்கும் வீட்டில் 40 ஷில்லிங்கோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளைத் திருடியவருக்கு மரண தண்டனை. பணிப்பெண் ஒருத்தியைத் தூக்குக்கு அனுப்ப மனம் வராத ஜூரிகள் (தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேர் குழுவினர்), பொருளின் உண்மை மதிப்பு எதுவாயினும், 39 ஷில்லிங் அளவுக்கே அவள் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னார்கள். இப்படி மதிப்பைக் குறைக்கும் வழக்கத்தைச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன் ஒருவகைப் புண்ணியப் பொய்ச்சத்தியம் என்றே குறிப்பிட்டார். நீங்கள் பிழை என்று எண்ணிய எண், பன்னிரண்டு பேர் கூடி முடிவெடுத்துச் சொன்ன எண்.

உங்கள் அட்டவணையில் 'மதிப்பு' என ஒரே ஒரு நெடுவரிசைதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதை இரண்டாகப் பிரியுங்கள்: குற்றப்பத்திரிகை சொல்லும் மதிப்பு ஒன்று, தீர்ப்பு ஏற்ற மதிப்பு மற்றொன்று. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே ஜூரி காட்டிய இரக்கத்தின் அளவு. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்பதால் எல்லாவற்றையும் பென்ஸுக்கு மாற்றிவிட்டால் கணக்கு எளிது; சட்டத்தின் எல்லை 480, உங்கள் தூண் 468. மூலத்தில் உள்ள சொற்களை மாற்றாமல் தனி நெடுவரிசையில் வைத்துக்கொள்ள மறவாதீர்கள். ஒப்பீட்டுக்காகக் கடைத் திருட்டு வழக்குகளையும் பாருங்கள். அங்கே 1699ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த எல்லை 5 ஷில்லிங் என்பதால், 4 ஷில்லிங் 10 பென்ஸைத் தேடிப்பாருங்கள்.

நிரல்வழி

புள்ளியியல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சட்டம் ஓர் எல்லையை வகுத்தால் அதற்குச் சற்றுக் கீழே எண்கள் குவிவது எங்களுக்குப் புதிதன்று. வருமான வரி வரம்புகளுக்கு அருகே ஏற்படும் இத்தகைய குவிப்பைப் பொருளியலாளர்கள் தேடிப்பிடித்து ஆராய்வதுண்டு. உங்கள் நெறியாளருக்கு அந்தச் சட்டப்பிரிவைக் காட்டினாலே அவர் கருத்தை மாற்றிக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

முன்கணிப்பு மாதிரியைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. தீர்ப்பில் உள்ள மதிப்பை உள்ளீடாகக் கொடுத்தால் அது தண்டனையைத் துல்லியமாகச் சொல்லிவிடும். ஆனால் அது கற்றுக்கொண்டது சட்டப் புத்தகத்தை மட்டுமே. எந்தெந்தச் சூழ்நிலையில் மதிப்பு குறைக்கப்பட்டது என்பதை விளக்க ஓர் எளிய லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (ஆம்/இல்லை என்ற விளைவை எந்தக் காரணிகள் எவ்வளவு பாதிக்கின்றன என்று கணிக்கும் புள்ளியியல் முறை) போதும். எனவே நரம்பியல் வலைப்பின்னல்கள் போன்ற சிக்கலான கணினி மாதிரிகளைத் தள்ளிவைத்துவிட்டு, அட்டவணைகளைக் கையாளும் பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தையும், எழுத்தில் ஒரே வடிவிலான சொற்களையும் எண்களையும் தேடிப்பிடிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனையும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். எக்செல்லில் நாள்களைச் சேமிக்க வேண்டாம், 1900க்கு முந்தைய நாளை அது நாளாகவே ஏற்பதில்லை. இங்கிலாந்தில் 1752க்கு முன்பு சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது என்பதால், பழைய ஏட்டில் 1731 பிப்ரவரி என்றிருப்பது நம் கணக்கில் 1732ஆக இருக்கக்கூடும்.

அடிக்குறிப்பு

மேலே இருவர் சொன்னதையும் ஏற்கிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த அறிக்கைகள் விற்பனைக்கென அச்சிடப்பட்டவை. எதிர்வாதங்கள் பல இடங்களில் சுருக்கப்பட்டன அல்லது விடப்பட்டன. 1790 இறுதியிலிருந்து 1792 வரை விடுதலையான வழக்குகளை வெளியிடவே தடை இருந்தது. தண்டனை பெற்றோர் விகிதத்தை ஆண்டுவாரியாக வரைந்தால் அந்த ஆண்டுகளில் ஒரு மலை தோன்றும். அதை நீதிமன்றத்தின் கடுமை என்று எழுதிவிட்டால் தேர்வாளர் விடமாட்டார். ஆக, தூணை வைத்துக்கொள்ள வேண்டும், மலையை விலக்க வேண்டும். எது எது என்பதை நிரல் சொல்லாது.

வரலாற்று நெறியாளர் கேட்கும் நாற்பது வழக்குகளையும் அட்டவணையிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம். மதிப்புக் குறைக்கப்பட்டவை இருபது, ஏறக்குறைய அதே பொருள், அதே மதிப்பு, ஆனால் குறைக்கப்படாதவை இருபது. எசமானர் சாட்சியில் பரிந்து பேசினாரா, யாராவது வந்து நற்சான்று கூறினார்களா என்பதெல்லாம் படித்தால்தான் தெரியும்.

ஏடும் எண்ணும்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவே நெடுவரிசையைப் பிரிக்கத் தொடங்கினேன். உடனே வேறொரு சிக்கல்: சில வழக்குகளில் ஜூரி மதிப்பைக் குறைக்காமல், பட்டியலில் உள்ள பொருள்களில் சிலவற்றைத் திருடியதாக மட்டும் தீர்ப்பளித்திருக்கிறது. வெள்ளிக் குவளைக்கு இல்லை, துணிகளுக்கு மட்டும் ஆம் என்பதுபோல. இதையும் இரக்கம் என்றே கணக்கிடுவதா?

பழைய தாள்

இப்போதே கணக்கிடாதீர்கள். குவளைக்குச் சான்று இல்லாமலும் போயிருக்கலாம். அவற்றுக்கு மூன்றாவதாக ஒரு நெடுவரிசை போட்டுவிட்டு, முதலில் அந்த வழக்குகளைப் படித்துப்பாருங்கள்.