ஆதார் அட்டையைத் தேய்த்துப் பார்த்தவர்

சுங்கடி:
வடகிழக்கு மாநிலத்தவரிடம் நாம் காட்டும் இனவெறியைப் பற்றி இந்த இழையில் பேச்சு வந்ததால் சொல்கிறேன். மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பு. மூன்றாம் மாடி வீட்டை வாடகைக்குக் கேட்டு மிசோரமிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள், இருவரும் நர்ஸ்கள். சங்கக் கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் லாரிக் கணக்கு முடிந்ததும் அவர்களை அழைத்தார்கள். எங்கள் பொருளாளர், தங்கமான மனிதர், "பாஸ்போர்ட் நகல் கொண்டுவந்தீர்களா?" என்றார். மூத்தவள் ஒன்றும் பேசாமல் ஆதார் அட்டையை மேசைமேல் வைத்தாள். அவர் அதை ஐந்நூறு ரூபாய் நோட்டைப் போல வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அந்தப் பெண் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இணைச் செயலாளரான நான் என்ன செய்தேன்? மிக்சர் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினேன். இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

கனகாம்பரம்:
வேளச்சேரியில் ஓர் அழகு நிலையம். அம்மாவுக்கு முடி வெட்டிய பெண் மணிப்பூர்க்காரி. அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "சீனாக்காரிக்குக் கை சுத்தம்தான். ஆனால் நாய்க்கறி தின்பார்களாமே!" என்றாள். தமிழ் தெரியாது என்ற தைரியம். அந்தப் பெண் சீப்பைக் கை மாற்றிக்கொண்டு, "தலையைக் கொஞ்சம் குனியுங்கள், பாட்டி" என்றாள். அம்மாவுக்கு 58 வயது. நான்தான் அசடு வழிய ஊரைக் கேட்டேன். மோரேயாம், பக்கத்து வீட்டில் தமிழ்க் குடும்பமாம். அப்புறம் கத்தரிச் சத்தம் மட்டும்தான். அம்மா நூறு ரூபாய் கூடுதலாக வைத்தாள். அவள் எண்ணிப் பார்த்து, அந்த நூறை மட்டும் திருப்பித் தந்தாள்.

பழைய கரோல்பாக்:
பேசியது தவறுதான், இல்லையென்று சொல்லவில்லை. இதையெல்லாம் இனவெறிக் கணக்கில் சேர்க்க வேண்டுமா? 1991 முதல் ஒன்பது ஆண்டுகள் டெல்லியில் இருந்தேன். குமரிக்காரனும் குண்டூர்க்காரனும் அங்கே ஒரே "மதராசி"தான். மாடி வீட்டு அம்மாள், "உங்கள் குடும்பத்தில் வெளுப்பாக ஒருவர்கூட இல்லையா?" என்று என் மனைவியிடமே கேட்டார். தீபாவளிக்கு லட்டும் கொடுத்தார். சிரித்துவிட்டுப் போய்விட்டோம். சுங்கடி, கேட்டார்கள், காட்டினார்கள், முடிந்தது. நீங்கள்தான் நோண்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

தாம்பரம் கிழக்கு:
கரோல்பாக் ஐயா, சிரித்துவிட்டுப் போனவருக்கு அந்த வாக்கியம் இத்தனை ஆண்டு கழித்தும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறதே! 2014 ஜனவரியில், அதே டெல்லியின் லஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவரின் தலைமுடியைக் கேலி செய்ததில்தான் தகராறு தொடங்கியது. அடிபட்டவர் மறுநாள் இறந்துபோனார். அதன்பிறகுதான், வடகிழக்கு மக்களின் குறைகளை ஆராய மத்திய அரசு பெஸ்பரூவா குழுவை அமைத்தது.

என் கதை சின்னது. அசாமிலிருந்து வந்த எங்கள் காவலாளியை என் மகன் "கூர்கா" என்று கூப்பிட்டான். நான் திருத்தவில்லை.

சுங்கடிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் கேட்க உங்கள் சங்கத்துக்கு எந்த உரிமையும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், நாம் மிசோரம் தலைநகர் ஐஸ்வால் போவதென்றால்தான் இன்னர் லைன் பெர்மிட் என்ற நுழைவு அனுமதி எடுக்க வேண்டும். அவர்கள் சென்னைக்கு வர ரயில் டிக்கெட் போதும். இனி யார் வந்தாலும், தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள். காவல் நிலையத்துக்கு விவரம் கொடுப்பதானால் மயிலாப்பூர்க்காரருக்கும் சேர்த்துக் கொடுங்கள். பொருளாளரிடம் தனியாகப் பேசாதீர்கள், கூட்டத்திலேயே பேசுங்கள், குறிப்பேட்டில் ஏற்றுங்கள். கனகாம்பரம், மோரே பர்மா எல்லையில் இருக்கிறது. 1962க்குப் பிறகு பர்மாவை விட்டு வந்த தமிழர்கள் குடியேறிய ஊர், அங்காள பரமேஸ்வரி கோயில்கூட உண்டு. அப்படி வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற பர்மா நூடுல்ஸைப் பர்மா பஜாரில் வரிசையில் நின்று சாப்பிடுகிறோம். அம்மாவிடம் சொல்லுங்கள்.

கனகாம்பரம்:
சொன்னேன். இப்போது வேறு கடைக்குப் போகிறாள்.

சுங்கடி:
தாம்பரம், ஒப்பந்தம் வரைக்கும் போகவே இல்லை. "யோசித்துச் சொல்கிறோம்" என்று அவர்கள்தான் எழுந்துபோனார்கள். குறிப்பேட்டில் நான் எழுதியது: "மிசோரம் பெண்கள் இருவர் வந்தனர். வீடு அமையவில்லை." ஐந்து நிமிடம் அந்த அட்டை என் கண்ணெதிரே கிடந்தது. பெயரைப் பார்த்தேனா என்றால், இல்லை. மிக்சரை அவர்கள் தொடவில்லை, பொருளாளர்தான் சாப்பிட்டார்.