இன்டரோசெப்ஷன்: ‘உள்ளுணர்வு’ வேண்டாமே

> ‘உள்ளுணர்வு’ என்றே வைத்துவிடலாம். எளிய சொல், எல்லோருக்கும் தெரியும்.

ஐயா, வணக்கம்.

எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல். ‘இன்னைக்கு அவர் வருவார்னு உள்ளுணர்வு சொல்லிச்சு’ என்ற பொருளில் அது ஊறிப்போய்விட்டது. நாம் தமிழில் பெயர் தேடும் ‘இன்டரோசெப்ஷன்’ (interoception) என்பதோ இதயத்துடிப்பு, மூச்சு, பசி, சிறுநீர் முட்டுவது போன்ற உடற்செய்திகளை மூளை அறிந்துகொள்வது. இந்தச் செய்திகளுக்கு ஒரு முக்கிய வழி, மூளையை இதயம், குடல் முதலிய உறுப்புகளோடு இணைக்கும் வேகஸ் நரம்பு; அதன் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை.

அப்புறம், ஈற்றில் ‘உணர்வு’ வந்தால் இதுவே அச்சம், கோபம் மாதிரி ஓர் உணர்ச்சி என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் ஒன்றா என்பது பழைய விவாதம். உடலில் நேரும் மாற்றத்தை உணர்வதுதான் உணர்ச்சி என்று 1884இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சொன்னார். சினத்திலும் அச்சத்திலும், ஏன், வெறும் காய்ச்சலிலும் உள்ளுறுப்பு மாற்றங்கள் ஒரே மாதிரிதானே என்று 1927இல் உடலியலாளர் வால்டர் கேனன் மடக்கினார்.

2023இல் ஸ்டான்ஃபோர்டில் எலிகளின் இதயத்தை ஒளியால் தூண்டி நிமிடத்துக்கு 900 வரை துடிக்க வைத்தார்கள். ஆபத்து இருக்கலாம் என்ற சூழலில்தான் எலிகள் கூடுதலாகப் பதறின. மற்ற இடத்தில் துடிப்பு மட்டும் பதற்றத்தைக் கொண்டுவரவில்லை. இன்சுலா என்ற மூளைப் பகுதியின் பின்பக்கத்தை அடக்கியபோது அந்தப் பதற்றமும் குறைந்தது. ஆக, உடல் அனுப்புவது செய்தி. இருக்கும் சூழலோடு சேர்த்து அதை அச்சமாக்குவது மூளை. நம் சொல் செய்தி வரும் வழியை மட்டும் குறித்தால் போதும்.

‘மெய்ப்பாடு’ என்றும் ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. அழகான சொல், ஆனால் திசை தலைகீழ். தொல்காப்பியத்தில் நகை, அழுகை முதலிய எட்டும் உள்ளத்தில் எழுந்து உடலில் வெளிப்படுகிறவை.

நான் முன்வைப்பது ‘உடலகப்புலன்’. வெறும் ‘அகப்புலன்’ என்றால் மனம் என்று படிப்பார்கள், அதனால்தான் ‘உடல்’ ஒட்டு. 1906இல் உடலியலாளர் ஷெரிங்டன் புலன்களைப் புறம், உள், தன்னிலை (கைகால்களின் நிலையையும் அசைவையும் அறிவது) என்று மூன்றாகப் பிரித்த வரிசைக்கும் பொருந்தும்: புறப்புலன், உடலகப்புலன், தன்னிலைப்புலன். நாடியைத் தொடாமல் தன் துடிப்பை எண்ணச் சொல்லும் சோதனையில் அளப்பதை ‘உடலகப்புலன் கூர்மை’ எனலாம்.

‘இன்டரோசெப்டிவ்’ என்ற பெயரடைக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. ‘உடலகப்புல’ என்று நிறுத்தினால் மொட்டையாக இருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.