நிலக்கடலைக்கு சோலார் வேலி: போடும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பாலக்கோடு கடலைக்காடு:
வணக்கம். பாலக்கோடு பக்கம் மூன்றரை ஏக்கர். கடலை காய் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கிவிடுகிறது. சோலார் வேலி போட நினைக்கிறேன், ஆனால் இடம் சிக்கலானது. மேற்கு எல்லையில் உள்ள வண்டித்தடத்தில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிறார்கள். அதை ஒட்டிச் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. குறுக்கே ஈ.பி லைன் போகிறது. இரண்டு பக்கம் பழைய முள்கம்பி இருக்கிறது, அதிலேயே கரண்டு கொடுத்தால் செலவு மிச்சம் என்கிறார்கள். பக்கத்துக் காட்டுக்காரரோ, மோட்டார் ரூமிலிருந்து ராத்திரி மட்டும் ஒரு வயர் இழுத்தால் போதும் என்கிறார். வேலிக்குக் கரண்டு கொடுக்கிற சோலார் பெட்டியில் 8,000 வோல்ட் என்று போட்டிருக்கிறது, மோட்டார் ரூமில் ஒரு பேஸில் 230 தானே? எது ஆபத்து என்றே புரியவில்லை.

ஓய்வுபெற்ற வயர்மேன்:
தம்பி, மோட்டார் ரூம் வயரை அடியோடு மறந்துவிடுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் மூன்று யானைகள் செத்தது அப்படிப் பன்றிக்கென்று திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில்தான். யானைக்கே அந்த கதி என்றால், இருட்டில் தண்ணீர் பாய்ச்ச வருகிறவர் என்ன ஆவார்?

வோல்ட்டை மட்டும் வைத்து ஆபத்தை அளக்கக் கூடாது. ஈ.பி கரண்டு நிற்காமல் வரும். உடம்பு வழியாக 10, 20 மில்லி ஆம்பியர் போனாலே தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாது. 30-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே குலையலாம். ஃபியூஸ் போய்விடும் என்றும் நம்பாதீர்கள், ஆளைக் கொல்கிற அந்த அளவு கரண்டுக்கு அது அசையாது. சோலார் பெட்டி அனுப்புவது மின்துடிப்பு, விட்டு விட்டு வரும். கண் இமைக்கும் முன் முடிந்துவிடும், அடுத்தது வரக் குறைந்தது ஒரு நொடி ஆகும். அந்த இடைவெளியில்தான் ஆளோ மாடோ விலக முடிகிறது. பெட்டி ஐ.எஸ் 302-2-76 என்ற இந்தியத் தரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தில் ஒரு துடிப்பில் வரும் மின் ஆற்றலுக்கு 5 ஜூல்தான் உச்சவரம்பு.

ஆக, நல்ல பெட்டியே வாங்கினாலும் ஒரு கேள்வி மிச்சம்: கம்பியில் பட்டவர் விலக முடியாத இடம் எது? அதை மனதில் வைத்து எல்லையை ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

முள்கம்பியில் துணியோ தோலோ மாட்டினால் ஒவ்வொரு துடிப்பையும் வாங்கிக்கொண்டே நிற்க வேண்டும். அதனால் முள்கம்பிக்கு ஒருபோதும் கரண்டு கொடுக்கக் கூடாது. வழுவழுப்பான ஜிஐ கம்பியைத் தனியாக உள்ளே தள்ளி இழுங்கள். கிணற்றடியில் அதிர்ச்சி ஆளைக் கொல்லாது, ஆனால் திடுக்கிட்டுப் பின்வாங்கினால் உள்ளே விழுவார்கள். அங்கே வேலியை நன்றாக விலக்குங்கள், கிணற்றுக்குச் சுவரும் எழுப்புங்கள். வண்டித்தடம் ஓரம் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை பல இடங்களில் வேண்டும். பிள்ளைகளிடம் நேரில் கூப்பிட்டும் சொல்லுங்கள், சின்னதுகள் பலகையைப் படிக்காது.

எனக்கு அதிகம் பயம் ஈ.பி லைன்தான். அது அறுந்து வேலியில் விழுந்தால் மூன்றரை ஏக்கர் கம்பியும் மோட்டார் ரூம் வயர் மாதிரிதான். லைனுக்கு இணையாக வேலி ஓட வேண்டாம், கடக்கிற இடத்தில் நேர் குறுக்காகக் கடக்கட்டும். வீட்டு லைன் என்றால் 3 மீட்டர், 11 கே.வி (11,000 வோல்ட்) என்றால் 4 மீட்டர் இடைவெளி குறையக் கூடாது. வேலியின் எர்த்தும் மோட்டார் ரூம் எர்த்தும் 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

தளி ராகிக்காடு:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் நிலம் இருந்தால் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், அதற்கு 2023-ல் தனி விதிகளே வந்திருக்கின்றன. வேளாண் பொறியியல் துறையில் மானியம் இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டுப் பெட்டி வாங்குங்கள். அப்புறம், வேலியில் கேட் வைக்கிற இடத்தில் கரண்டை மறுபக்கம் கொண்டுபோக மண்ணுக்குள் வீட்டு வயரைப் புதைக்காதீர்கள். எட்டாயிரம் வோல்ட்டை அதன் உறை தாங்காது, மழையில் ஈர மண்ணுக்குள் கசியும். வேலிக்கென்றே கேபிள் விற்கிறார்கள். மழைக்காலத்தில் கம்பியில் படரும் புல்லையும் அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வோல்ட் இறங்கிப் பன்றி நுழைந்துவிடும்.

பாலக்கோடு கடலைக்காடு:
இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. பக்கத்துக் காட்டுக்காரரும் இப்போது சோலார் வேலிக்கு ஒத்துக்கொண்டார், இருவர் கம்பியும் ஒரே வரப்பில் ஓடலாமா? அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது, அவர் தினமும் காட்டுக்கு வருவார்.

ஓய்வுபெற்ற வயர்மேன்:
ஒரே வரப்பில் வேண்டாம். ஒருவர் இரண்டு கம்பியையும் தொட்டால் இரண்டு பெட்டியின் துடிப்பும் மாறி மாறி வரும், அந்த ஒரு நொடி இடைவெளி போய்விடும். நடுவில் இரண்டரை மீட்டர் விடுங்கள், அல்லது இருவரும் சேர்ந்து ஒரே பெட்டியில் முடித்துக்கொள்ளுங்கள், செலவும் குறையும். அப்பா விஷயத்தை அவருடைய இதய டாக்டரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். பன்றி வருவது ராத்திரியில்தானே, பகலில் பெட்டியை அணைத்துவிடலாம். ஸ்விட்சைக் காட்டுக்குள் வைக்காமல் நுழைகிற இடத்திலேயே வையுங்கள். களை எடுக்க வரும் பெண்கள் கம்பிக்கு அடியில் குனிந்து நுழையாதபடி இரண்டு கேட்டாவது விடுங்கள். தலையிலும் கழுத்திலும் படுகிற அடிதான் மோசமானது. மேலே போகிற லைன் எத்தனை கே.வி என்று ஈ.பி பிரிவு அலுவலகத்தில் கேட்டு இங்கே எழுதுங்கள், அப்புறம் கல் நடும் இடத்தைச் சொல்கிறேன்.